அரிசி தின்னும் ஒட்டுண்ணியும் குழாய்க்குள் அடங்காத ஒட்டுண்ணியும்

முதுநிலைப் படிப்புக்குக் கால்நடை ஒட்டுண்ணியியலைத் தேர்ந்தெடுத்த ஆண்டில் ஊருக்குப் போயிருந்தபோது, பல்லடம் பக்கத்தில் பல காலமாகக் கறிக்கோழி வளர்த்துவந்த என் பெரியப்பா, அங்கே என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டார். கோழிக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியை வளர்க்கிறேன் என்றேன். "அதை வளர்க்கறதுக்குக் காலேஜ் வேற வேணுமா கண்ணு? கூளம் கொஞ்சம் நனைஞ்சாப் போதும், நம்ம கொட்டாய்ல தன்னால வளருதே" என்றார். அன்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். கொட்டகையில் யாரும் கேட்காமல் பெருகும் அந்த உயிர், விலையுயர்ந்த வளர்ப்பு ஊடகத்தையும் சரியான வெப்பத்தையும் தூய்மையான காற்றையும் கொடுத்து அழைத்தாலும் ஆய்வகக் குழாய்க்குள் வாழ மறுக்கிறது என்பதை அனுபவத்தில் அறிந்துகொள்ள எனக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பாக்டீரியாவை வளர்ப்பவர்களைப் பார்த்து எங்கள் துறையினர் கொஞ்சம் பொறாமைப்படுவது வழக்கம். ஒரு தட்டில் அகார் ஊற்றி, அதன் மேல் ஒரு துளியைத் தேய்த்து, இரவு இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனால் காலையில் தனித்தனிப் புள்ளிகளாகத் தூய வளர்ப்பு கிடைத்துவிடும். கோழியின் ஒட்டுண்ணிகள் எதுவும் இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்வதில்லை. நான் நேரடியாகக் கையாண்டவை இரண்டு. ஒன்று, இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியா. மற்றொன்று, வான்கோழிகளைக் கொல்லும் கருந்தலை நோய்க்குக் காரணமான ஹிஸ்டோமோனாஸ். முதலாவதை வளர்க்க ஓர் உயிருள்ள கோழி வேண்டும். இரண்டாவதைக் குழாயில் வளர்க்கலாம், ஆனால் அதன் கூட்டாளிகளான பாக்டீரியாக்களையும் சேர்த்து வளர்த்தாக வேண்டும்.

ஐமீரியாவிலிருந்து தொடங்குகிறேன். கோழியைத் தாக்கும் ஐமீரியா இனங்கள் 7 என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. ஒவ்வொன்றும் குடலில் தனக்கென ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அசெர்வுலினா முன்குடலிலும், மாக்சிமா நடுக்குடலிலும், டெனெல்லா குடலின் பின்பகுதியில் இரட்டைப் பைகளாகத் தொங்கும் சீக்கத்திலும் குடியேறுகின்றன. பண்ணையாளர் கூளத்தின் மேல் இரத்தம் கண்டு அலறுவது பெரும்பாலும் இந்த டெனெல்லாவால்தான். நோயுற்ற கோழியின் எச்சத்தோடு வெளிவரும் ஊசிஸ்ட் என்னும் உறையிட்ட நிலை, ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் இரண்டொரு நாளில் முதிர்ந்து, உள்ளே நான்கு சிறு பைகளையும் ஒவ்வொரு பையிலும், செல்லுக்குள் புகக்கூடிய தொற்று நிலையான ஸ்போரோசோயிட்டுகள் இரண்டையும் கொண்டதாக மாறும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது நான்கு விதை கொண்ட ஒரு காயைப் போலத் தெரியும். அதைக் கொத்தி விழுங்கும் அடுத்த கோழியின் கற்குடல் உறையை நொறுக்க, குடலின் செரிமான நொதியான டிரிப்சினும் பித்தநீரும் உள்ளிருப்பவற்றை எழுப்பிவிட, அவை குடற்சுவர்ச் செல்களுக்குள் புகுந்துவிடும்.

ஆய்வகத்தில் நாங்கள் ஐமீரியாவை "வளர்ப்பது" என்று சொல்வதன் பொருள், இந்தச் சுற்றை ஒரு கூண்டுக்குள் ஒழுங்காக நடத்துவது என்பதுதான். ஏறத்தாழ மூன்று வார வயதுள்ள, அதுவரை எந்த ஐமீரியாவையும் கண்டிராத குஞ்சுகளுக்குச் சில ஆயிரம் முதிர்ந்த ஊசிஸ்டுகளை வாய்வழியாகக் கொடுப்போம். டெனெல்லாவாக இருந்தால் ஐந்தாம் நாள் எச்சத்தில் இரத்தம் தெரியத் தொடங்கும். ஏழாம் நாள் அறுவடை. சீக்கத்தை எடுத்து அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, செறிவான உப்புக் கரைசலில் கலந்து சுழற்றினால் ஊசிஸ்டுகள் மேலே மிதந்து வரும். அவற்றைக் கழுவி, 2.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் போட்டு, 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் காற்று ஊதிக்கொண்டே வைத்திருப்போம். டைகுரோமேட் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கிவைக்கும். ஊசிஸ்டின் உறையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆரஞ்சு நிறத்தில் குமிழியிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குடுவையைப் பார்க்க வருபவர்கள் ஏதோ குளிர்பானம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்; கையுறை இல்லாமல் அதன் பக்கத்தில் போகக்கூடாது.

இந்த உறையின் வலிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊசிஸ்டின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்த நாங்கள் பயன்படுத்துவது துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் ஊறிய பிறகும் உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கும். பண்ணையில் வழக்கமாகத் தெளிக்கும் கிருமிநாசினிகள் இதனிடம் தோற்றுப்போவதும் இதனால்தான். அம்மோனியாவும் கடும் வெப்பமும் மட்டுமே நம்பத்தக்கவை. உள்ளிருக்கும் உயிரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உறையை உடைத்து, பிறகு கோழியின் உடல் வெப்பமான 41 டிகிரியில் டிரிப்சினும் பித்த உப்பும் கலந்து வைக்க வேண்டும். கோழியின் கற்குடலும் குடலும் செய்யும் வேலையை ஒரு குழாயும் ஒரு பையளவு கண்ணாடி மணியும் செய்துவிடுகின்றன. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன்பு என் முதல் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். முதன்முறையாக நானே முழுப்பொறுப்பில் நடத்திய சுற்றில், 20 குஞ்சுகளுக்கு ஊசிஸ்ட் கொடுத்துவிட்டு ஏழாம் நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் இரத்தம் இல்லை. ஆறாம் நாள் குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. ஏழாம் நாள் எச்சத்தைக் கலக்கி, எண்ணுவதற்கான கண்ணாடிச் சில்லில் நிரப்பி நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு ஊசிஸ்ட் கூடத் தெரியவில்லை. கொடுத்தவை செத்தவையோ, அளவு பிழையோ, குஞ்சுகள் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றவையோ என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் தெரிந்தது, மருந்து கலக்காத தீவனம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தும், வந்திருந்தது கடையில் விற்கும் வழக்கமான கறிக்கோழித் தீவனம். அதில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்தே இருக்கும். பெரியப்பாவின் கொட்டகையில் எது நோயை ஓரளவு அடக்கிவைத்ததோ, அதுவே என் சோதனையையும் சத்தமில்லாமல் அடக்கிவிட்டது. மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த மனநிலை எனக்கு இல்லை.

கோழியே இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி புதியதன்று. 1965ஆம் ஆண்டு இந்தத் துறைக்கு ஒரு நல்ல ஆண்டு. அந்த ஆண்டில்தான் பேட்டன் என்பவர் டெனெல்லாவின் பாலிலா நிலைகளைச் செல் வளர்ப்பில் வளர்த்துக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் பி. எல். லாங், அடைகாக்கப்பட்ட முட்டைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் சவ்வில் அதை வளர்த்தார். 1970இல் டோரன், கோழிக்குஞ்சின் சிறுநீரகச் செல்களில் ஸ்போரோசோயிட்டிலிருந்து ஊசிஸ்ட் வரை முழுச் சுற்றையும் நடத்திக் காட்டினார். அப்படியானால் கோழிகளுக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. அந்த வகையில் கிடைத்த ஊசிஸ்டுகளின் எண்ணிக்கை, ஒரு கோழி ஒரே நாளில் கழிக்கும் எண்ணிக்கைக்கு முன் ஒன்றுமில்லை. இன்றும் நாங்கள் மாட்டுச் சிறுநீரகச் செல்களின் மேல் ஸ்போரோசோயிட்டுகளை விட்டு, அவை எப்படி உள்ளே நுழைகின்றன, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று பார்க்கிறோம். அது நுழைவையும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களையும் பார்ப்பதற்கு உதவும் சாளரம். அங்கே அந்த ஒட்டுண்ணியைப் பெருக்கிக்கொள்ள முடியாது.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இதன் உறவினர்களைப் பார்க்க வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா இதே குலத்தைச் சேர்ந்தது; செல் வளர்ப்பில் ஆண்டுக்கணக்கில் முடிவில்லாமல் பெருகும். மலேரியாவின் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரமும் உறவுதான். 1976இல் டிரேகரும் ஜென்சனும் மனித இரத்தச் சிவப்பணுக்களில் அதைத் தொடர்ந்து வளர்க்கும் வழியைக் கண்டார்கள். ஐமீரியாவின் வாழ்க்கையோ எண்ணி வைக்கப்பட்டது. டெனெல்லா கோழியின் செல்லுக்குள் ஏறத்தாழ மூன்று தலைமுறை பாலிலா முறையில் பெருகும். பிறகு ஆண், பெண் நிலைகளாகப் பிரிந்து, இணைந்து, ஊசிஸ்டாகி வெளியேறியே தீர வேண்டும். ஒரே செல்லடுக்கில் அதை நிறுத்திவைத்து மேலும் மேலும் பெருகச் செய்ய வழியில்லை. கோழிக்கு இந்த நோய் மீண்டும் தொற்று ஏற்படாவிட்டால் தானே அடங்கிவிடுவதும், ஆய்வகத்தில் தொடர் வளர்ப்பு கைகூடாததும் ஒரே காரணத்தால்தான். ஊடகத்தை எவ்வளவு மேம்படுத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது என்றே நான் நினைக்கிறேன். இப்போது கோழிக்குடலின் திசுவைச் சிறு உருண்டைகளாக வளர்க்கும் முறை வந்திருக்கிறது. அதில் நம்பிக்கை வைத்திருக்கும் நண்பர்களோடு இதைப் பற்றி நான் அடிக்கடி வாதிடுவதுண்டு.

இதன் விளைவு வணிகத்திலும் தெரிகிறது. இரத்தக் கழிச்சலுக்கான முதல் உயிருள்ள தடுப்பு மருந்தான கோக்சிவாக் 1952இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வீரியம் குறைந்த, விரைவாக முதிரும் இனங்களை ஜெஃபர்ஸ் 1975இல் பிரித்தெடுத்த பிறகு, அந்த வழியில் இங்கிலாந்தில் உருவான பாராகாக்ஸ் 1989இல் வந்தது. இன்றுவரை இவ்வகைத் தடுப்பு மருந்துகள் கோழிகளுக்குள்தான் உற்பத்தியாகின்றன. தூய கூண்டுகளில் வளர்க்கப்படும் கோழிகளின் எச்சத்திலிருந்து ஊசிஸ்டுகளைச் சலித்தெடுத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. லாங் தொடங்கிவைத்த முட்டைக்கரு வழியில் மீண்டும் மீண்டும் கடத்தப்பட்ட டெனெல்லா, கருவுக்குப் பழகிப் பழகிக் கோழிக்குத் தரும் நோயின் கடுமையை இழந்துவிட்டது. செக் நாட்டில் உருவான லிவாகாக்ஸ் என்னும் மருந்தில் சேர்க்கப்பட்டிருப்பது அத்தகைய ஒன்றுதான். வளர்க்கும் இடத்தை மாற்றினால் வளர்க்கப்படுவதும் மாறும் என்பதை நான் முதலில் படித்தறிந்தது இங்கேதான். அதைக் கையால் தொட்டு அறிந்தது ஹிஸ்டோமோனாஸிடம்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே என்னிடம் ஒப்படைக்கப்பட்டது ஹிஸ்டோமோனாஸ் மெலியாகிரிடிஸ். நம் ஊரில் வான்கோழியை நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்க்காதே என்று சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் இருப்பது இதுதான். கோழி இதைச் சுமந்தபடி பெரும்பாலும் நடமாடிக்கொண்டிருக்கும். வான்கோழிக்கு வந்தால் கந்தக நிறத்தில் கழிந்து, கல்லீரலில் வட்டவட்டமான குழிப்புண்களோடு மந்தையில் பெரும்பகுதி செத்துப்போகும். இத்தனைக்கும் தலை கறுப்பது எல்லாப் பறவைகளிலும் தெரிவதில்லை. கருந்தலை என்ற பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குஷ்மன் இந்த நோயை 1893இல் பதிவு செய்தார். 1895இல் தியோபால்ட் ஸ்மித் இதன் காரணியைக் கண்டு, அமீபா என்று கருதிப் பெயரிட்டார். மாட்டுக்கு வரும் டெக்ஸஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று காட்டியவர் அவரே. கால்நடை மருத்துவ மாணவர்கள் அவர் பெயரை முதலாண்டிலேயே கேட்டிருப்பார்கள். 1920இல் ஹார்வர்டைச் சேர்ந்த எர்னஸ்ட் டிஸ்ஸர், அதற்குக் கசையிழை என்னும் சாட்டை போன்ற இழை உண்டென்று கண்டு ஹிஸ்டோமோனாஸ் என்று பெயர் மாற்றினார். அதே ஆண்டில் கிரேபிலும் ஸ்மித்தும், கோழியின் சீக்கத்தில் வாழும் ஹெட்டராக்கிஸ் என்னும் சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு இது பரவுகிறது என்று காட்டினார்கள். எச்சத்தில் தனியாக விழுந்தால் விரைவில் செத்துவிடும் இந்த உயிர், புழுமுட்டைக்குள் இருந்தால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அந்த முட்டையை விழுங்கிய மண்புழுவைக் கொத்தினாலும் போதும். டிஸ்ஸரைப் பற்றி இன்னொரு செய்தி: 1929இல் ஐமீரியாவின் அசெர்வுலினா, மாக்சிமா, மிட்டிஸ் ஆகியவற்றுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. என் இரண்டு ஒட்டுண்ணிகளும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன.

குழாயில் இதை முதலில் வளர்த்தவர் டிர்போலாவ், 1924இல். இன்று எல்லாரும் பின்பற்றுவது 1970இல் டுவையர் வகுத்த முறையும் அதன் திருத்தங்களும். செல் வளர்ப்புக்கான ஊடகம் 199, அதோடு 10 முதல் 15 சதவீதம் குதிரைச் சீரம், அதன் பிறகு ஒரு சிட்டிகை அரிசித் தூள். டுவையர் கோழிக்கருச் சாற்றையும் சேர்த்தார். பின்னாளில் அது இல்லாமலும் வளரும் என்று கண்டார்கள். குழாயை இறுக மூடி, 40 டிகிரியில் வைக்க வேண்டும். அரிசி என்று முதன்முறை செய்முறைத் தாளில் படித்தபோது எழுத்துப்பிழையோ என்று நினைத்தேன். வெளிநாட்டு ஆய்வகத்தில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, நுண்தராசில் அரிசி மாவை நிறுத்துக்கொண்டிருந்த காட்சியை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அதற்கு நல்ல பச்சரிசியாகப் போடு என்றார்.

அரிசி வெறும் அலங்காரமன்று. இரண்டு நாள் வளர்ந்த குழாயின் அடியிலிருந்து ஒரு துளி எடுத்து, சூடான தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், 8 முதல் 15 மைக்ரோமீட்டர் வரையுள்ள உருண்டைகள் வெட்டி வெட்டிச் சுழல்வது தெரியும். அவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள், விழுங்கப்பட்ட அரிசி மாவுத் துகள்கள் பளிச்சென்று மின்னும். தட்டு குளிரத் தொடங்கியவுடன் அந்தச் சுழற்சி நின்றுவிடும். பயிற்சியில்லாதவர் பார்த்தால், ஏதோ செத்த செல்களும் அரிசி மாவும் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

குளிர் இதற்கு எவ்வளவு ஆகாது என்பதை நான் கற்றது அவமானத்தோடு. ஒரு பண்ணையில் வான்கோழிகள் சாகின்றன என்ற அழைப்பு வந்தபோது மாதிரி எடுத்துவர என்னை அனுப்பினார்கள். கல்லூரிக் காலம் முதல் எந்த மாதிரியையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்ற பழக்கம் கையில் ஊறியிருந்தது. சீக்கத்தின் உள்ளடக்கத்தை நேர்த்தியாகக் குழாய்களில் அடைத்து, பெயர் எழுதி, பனிக்கட்டியில் புதைத்து இரண்டு மணிநேரம் பயணம் செய்து வந்தேன். கல்லீரல் புண்களைப் பார்த்த எவருக்கும் நோயைப் பற்றிச் சந்தேகம் இருந்திருக்காது. என் குழாய்களிலோ ஒன்றுகூட வளரவில்லை. ஹிஸ்டோமோனாஸை எடுத்துவரப் போகிறவர் வெந்நீர்க் குடுவையில் சூடான ஊடகத்தைக் கொண்டுபோக வேண்டும். செத்து நேரமாகாத, உடல் சூடு ஆறாத பறவையிலிருந்து எடுத்து அதிலேயே போட்டு வர வேண்டும். சட்டைப் பைக்குள் குழாயை வைத்துக்கொண்டு வந்த மூத்தவர்களின் கதையைப் பிறகுதான் சொன்னார்கள்.

ஆனால் இந்த வளர்ப்பின் மையமான செய்தி வேறு. அந்தக் குழாயில் இருப்பது ஹிஸ்டோமோனாஸ் மட்டுமன்று. சீக்கத்திலிருந்து அதோடு வந்த பாக்டீரியாக் கூட்டமும் இருக்கிறது. பாக்டீரியாவை மருந்தால் முழுவதும் கொன்றுவிட்டால் ஹிஸ்டோமோனாஸும் மெல்ல மெல்லச் செத்துவிடும். எத்தனை பேர் எத்தனை முறை முயன்றும், துணையே இல்லாத தூய வளர்ப்பு கைகூடியதில்லை. இது குழாய்க்கு மட்டும் உரிய குறையும் அன்று. 1960களில், எந்தக் கிருமியும் படாமல் வளர்க்கப்பட்ட வான்கோழிகளில் இந்த ஒட்டுண்ணியைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தவர்கள், வழக்கமான நோய் வரவில்லை என்று கண்டார்கள். பாக்டீரியாவும் கூடினால்தான் நோய். பறவைக்குள் எந்தத் துணையை அது கேட்கிறதோ, குழாயிலும் அதையே கேட்கிறது.

வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். பிளாஸ்டோசிஸ்டிஸ் என்னும் இன்னொரு குடல்வாசி, அதே மாதிரியில் ஒட்டிக்கொண்டு வந்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் குழாயை முழுவதும் பிடித்துக்கொண்டுவிடும். என் கையால் தொடங்கிய வளர்ப்புகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின. இதற்கு வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹெஸ் குழுவினர் கண்ட வழி 2006இல் வெளியானது: நுண்கண்ணாடிக் குழலால் ஒரே ஒரு ஹிஸ்டோமோனாஸ் செல்லை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து ஒரு வம்சத்தையே வளர்த்தார்கள். அதே குழுவினர் 2012இல் இன்னொரு படி மேலே போய், கலவையான குடல் பாக்டீரியாக்களை நீக்கிவிட்டு, எஸ்செரிச்சியா கோலையின் ஒரே ஒரு ஆய்வக இனத்தை மட்டும் துணையாகக் கொடுத்து வளர்த்தார்கள். தனிமை கிடைக்கவில்லை, ஆனால் துணை யாரென்று பெயர் சொல்லும் நிலை வந்தது. மரபணு வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது, பத்து வகைப் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவுக்குள் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பாக்டீரியாத் துணை, மருந்துச் சோதனைகளில் ஒரு பொறியாகவும் மாறுகிறது. கருந்தலை நோய்க்கு இருந்த மருந்துகள் ஒவ்வொன்றாகப் போயின. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைமெட்ரிடசோல் 1995இல் சிகிச்சை மருந்தாகவும் 2002இல் தீவனச் சேர்க்கையாகவும் தடைசெய்யப்பட்டது. நிஃபர்சால் 2003இல் போயிற்று. அமெரிக்காவில் ஆர்சனிக் கொண்ட நைட்டர்சோன் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு விலக்கப்பட்டது. கையில் மருந்தே இல்லாமல் போனதால், செடிச்சாறுகளும் நறுமண எண்ணெய்களும் ஒவ்வொன்றாகக் குழாய்க்கு வந்தன. குழாயில் ஒட்டுண்ணி செத்தது என்று எழுதுவது எளிது. அந்தச் சாறு ஒட்டுண்ணியைக் கொன்றதா, அதற்குச் சோறு போடும் பாக்டீரியாவைக் கொன்று ஒட்டுண்ணியைப் பட்டினி போட்டதா என்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. குழாயில் அருமையாக வேலை செய்து, வான்கோழிக்குக் கொடுத்தபோது ஒரு பறவையைக் கூடக் காப்பாற்றாத பொருட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஆய்வுத்தாள்கள் மதிப்பீட்டுக்கு என்னிடம் வரும்போது, பாக்டீரியாவை எண்ணினீர்களா என்பதே நான் எழுதும் முதல் கேள்வி. இதனால் எனக்குச் சில நண்பர்கள் குறைந்திருக்கக்கூடும்.

குழாயில் இந்த உயிர் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொடும். ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் பெருகி, பிறகு சரசரவென்று சரியும். அதற்குள் ஒரு பகுதியை எடுத்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றிவிட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாட்கள் மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை நமக்கு; வெள்ளியன்று மறந்தால் திங்களன்று குழாயில் அரிசியும் பாக்டீரியாவும்தான் மிஞ்சும். இப்படி ஒவ்வொரு முறை மாற்றுவதையும் ஒரு பாசேஜ் என்று எண்ணிக் குழாயின் மேல் எழுதுவோம். நான் சேர்ந்தபோது அந்த எண்ணை ஒரு நிர்வாகச் சடங்கு என்றே கருதினேன்.

அது சடங்கன்று. குழாயில் நெடுநாள் வாழ்ந்த ஹிஸ்டோமோனாஸ் நோய் தரும் திறனை இழக்கிறது என்பதை டிஸ்ஸர் 1930களிலேயே கண்டார். அப்படி வீரியமிழந்த வளர்ப்புகள் பறவைகளுக்கு எதிர்ப்பாற்றல் தருவதைப் பற்றி 1936இல் எழுதினார். பிறகு மலிவான மருந்துகள் வந்தன. அந்த வேலை அலமாரிக்குப் போயிற்று. மருந்துகள் தடைசெய்யப்பட்ட பிறகு வியன்னாக் குழுவினர், ஒரே செல்லிலிருந்து வந்த வம்சத்தை ஏறத்தாழ 300 முறை மாற்றி வளர்த்து, அது வான்கோழியைக் கொல்வதில்லை, மாறாகக் கொல்லும் வகையிலிருந்து காக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். பறவைக்குப் பறவை 5 முறை கடத்திப் பார்த்தபோதும் பழைய வீரியம் திரும்பவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதியதைத் தூசு தட்டி எடுத்து, தூய வம்சத்தோடு மீண்டும் செய்ய வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வியப்பும் உண்டு, வருத்தமும் உண்டு.

இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், குழாயில் வளரும் ஹிஸ்டோமோனாஸைக் காட்டி, பறவைக்குள் அது இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்வதற்கு முன் பாசேஜ் எண்ணைக் கேட்க வேண்டும். 20ஆம் பாசேஜும் 300ஆம் பாசேஜும் என் கண்ணுக்கு ஒரே மாதிரியாகத்தான் சுழன்றன, ஒரே மாதிரியாகத்தான் அரிசியைத் தின்றன. ஒன்று மந்தையை அழிக்கும், மற்றொன்று அதைக் காக்கும். அதனால்தான் தொடக்கப் பாசேஜுகளை, உறையும்போது செல்லைக் காக்கும் டைமெத்தில் சல்பாக்சைடு கலந்து திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டு, ஒவ்வொரு தொற்றுச் சோதனைக்கும் அதிலிருந்தே புதிதாக எழுப்புகிறோம்.

ஐமீரியாவின் ஊசிஸ்டுக்கு அந்த வசதியும் இல்லை. காக்கும் வேதிப்பொருளை உள்ளே விடாத அதே உறை, உறையவைப்பதற்கும் இடம் கொடுப்பதில்லை. உடைத்து உள்ளிருப்பவற்றை வெளியே எடுத்தால்தான் உறையவைக்கலாம். ஆகவே குளிர்பெட்டியில் 4 டிகிரியில் டைகுரோமேட்டுக்குள் வைத்திருக்கிறோம். மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் தொற்றும் திறன் தேய்கிறது. இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகளை வரவழைத்து அந்தச் சுற்றை மறுபடியும் நடத்துகிறேன். அடுத்த குஞ்சுகள் வரும் மாதம் முதல் வாரத்தில் வருகின்றன. அவற்றுக்கான மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் வாங்கி வைத்திருக்கிறேன். தீவனத்தை இந்த முறையும் நானே நின்று அரைத்துக்கொள்கிறேன்.